பாட்டி கண்டுபிடித்த பிழை

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

"தம்பி, நீதான் காலேஜ்ல படிக்கிறியே, எம்புள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கலாம், சொல்லு." விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போதெல்லாம் இக்கேள்வி என்னை எதிர்கொள்கிறது. நண்பர்கள் பலருக்கும் இதே அனுபவம் உண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நாம். ஆகவே கல்வி சம்பந்தமான யாவும் நமக்குத் தெரிந்திருக்கும் என்று ஊர் நம்புகிறது. நானும் சென்ற ஆண்டு, இக்கல்லூரியில் சேர்ந்த அதே ஜூன் மாதம், என் அக்காவுக்கு ஒரு தனியார் தொடக்கப் பள்ளியின் பெயரைச் சொன்னேன். அவள் கம்மலை அடகு வைத்து மகளை அங்கே முதல் வகுப்பில் சேர்த்தாள்.

எதை வைத்துச் சொன்னேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். வாசலுக்கே வந்து நிற்கும் மஞ்சள் வேன். கழுத்தில் டை, காலில் ஷூ. ஆண்டு விழாவில் ஆங்கிலத்தில் வரவேற்புரை நிகழ்த்திய ஐந்து வயதுக் குழந்தை. அதே நிர்வாகம் நகரத்தில் நடத்தும் மேல்நிலைப் பள்ளியின் தேர்ச்சியைப் பறைசாற்றும் பெரிய தட்டி. அவ்வளவுதான்! சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட ஒரு காயைப் புரட்டிப் பார்க்கிறான். நான் அதுவும் செய்யவில்லை.

இந்தப் பொங்கல் விடுமுறையில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். குழந்தை இப்போது இரண்டாம் வகுப்பு. ஆங்கிலப் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மணியடித்தாற்போல் ஒப்பித்தாள். அக்கா முகத்தில் பெருமை, எனக்கும்தான். எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார் ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்: "ஏண்டி கண்ணு, புஸ்தகத்தைப் பாக்காமலே படிக்கிறியே, அப்புறம் எதுக்குப் புஸ்தகம்?"

எல்லோரும் சிரித்தோம். பிறகு எனக்கு ஏதோ உறுத்தியது. பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைக் காட்டி, "இது என்ன?" என்றேன். குழந்தை பாடத்தின் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் கடந்துபோனாள். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். படத்தைக் கையால் மறைத்தேன். எந்தப் பாடம் என்பதே தெரியாமற் போயிற்று. சரி, ஆங்கிலந்தானே என்று தமிழ்ப் புத்தகத்தை எடுத்தேன். அங்கும் அதே கதை. சிரித்துக்கொண்டிருந்த அக்கா மெல்ல எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எழுத்தறியாத பெற்றோரால் பள்ளியின் தரத்தை எடை போட முடியாது என்று நாம் நினைக்கிறோம். பள்ளி நிர்வாகங்களும் அப்படித்தான் நினைக்கின்றன. அது தவறு என்பதை என் தாயார் ஒரே கேள்வியில் காட்டிவிட்டார். குழந்தையின் கண் வரியோடு நகர்கிறதா என்று பார்ப்பதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முன்பின் பார்த்திராத ஒரு தாளை, ஒரு துண்டு விளம்பரத்தையோ பேருந்தின் ஊர்ப்பலகையையோ காட்டிப் படிக்கச் சொல்லலாம். ஐம்பது ரூபாயைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பி, மீதிக் கணக்கைக் கேட்கலாம். 2005 முதல் நாட்டின் கிராமங்களில் 'அசர்' என்னும் ஆய்வு நடைபெற்று வருகிறது. அதிலும் வீடு தேடிச் சென்று எழுத்து, சொல், ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு கதை, சில கணக்குகள் என்று எளிமையாகத்தான் சோதிக்கிறார்கள். அந்த ஆய்வு அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டிலும் தடுமாறும் குழந்தைகளைக் காட்டியிருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது சுழிப்பிழை. பொருளை வைப்பதற்கு முன்பே அளவி எதையாவது காட்டுகிறதா என்று பார்த்து, அதைக் கழித்த பிறகே அளவை எழுத வேண்டும். பள்ளிகளின் பெருமையை அளக்கும்போது நாம் இதைச் செய்வதில்லை. குழந்தையையும் பெற்றோரையும் சோதித்துச் சேர்ப்பதை 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆயினும் 'சும்மா பேசிப் பார்ப்பது' என்ற பெயரில் அது நடக்கிறது என்பது பலரும் அறிந்த இரகசியம். வீட்டிலேயே எழுத்துக் கற்றுவந்த குழந்தையைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, 'பாருங்கள் எங்கள் தரத்தை' என்றால், அது யாருடைய தரம்?

ஒன்றுபட்டிருந்த ஆந்திரத்தில் 2008-இல் தொடங்கி நான்காண்டு நடைபெற்ற ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. பேராசிரியர் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அரசுப் பள்ளிக் குழந்தைகளில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, தனியார் பள்ளியில் இலவசமாகப் படிக்க வழி செய்தார்கள். குலுக்கல் ஆதலால் குடும்ப வசதி, பெற்றோர் படிப்பு முதலிய வேற்றுமைகள் கழிந்துபோயின. 2015-இல் வெளியான முடிவு என்ன? தெலுங்கிலும் கணக்கிலும் தனியார் பள்ளிக்குப் போன குழந்தைகள் மற்றவர்களை விஞ்சவில்லை. இந்தியில் மட்டும் தெளிவாக முந்தினார்கள். ஆனால் தனியார் பள்ளிகள் தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே ஒதுக்கி, ஒரு குழந்தைக்கு அரசு செலவிடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் இதைச் செய்தன. அதுவும் உண்மை, மறைக்கலாகாது. ஆக, 'தனியார்' என்ற சொல் தரத்துக்குச் சான்றும் அன்று, குற்றமும் அன்று. ஒவ்வொரு பள்ளியையும் தனித்தனியே பார்த்துத்தான் தீர வேண்டும்.

எதைப் பார்ப்பது? என்னைக் கேட்டால் முதலில் ஆசிரியை. கட்டடத்தைச் சுற்றிக் காட்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "சென்ற ஆண்டு ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த டீச்சர் இப்போது இருக்கிறாரா?" அக்கா மகளுக்கு ஒன்றரை ஆண்டில் நான்கு வகுப்பாசிரியைகள். அவர்களில் ஒருவர் நம் கல்லூரியிலேயே பட்டம் பெற்றவர். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே கைச்செலவுக்காக அங்கே வேலை பார்த்தவர். அவர்மீது எனக்குக் கோபமில்லை. நாளை நம்மில் பலரும் அந்த நாற்காலியில்தான் உட்காரப் போகிறோம்! ஆனால் தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்க வேறு பயிற்சி வேண்டும். தொடக்கக் கல்விப் பட்டயமும் தகுதித் தேர்வும் அதற்காகவே விதிக்கப்பட்டுள்ளன. பட்டப் படிப்பில் ஒளியின் அலைநீளத்தை அளந்து பழகியவனுக்கு, 'ஐ'க்கும் 'ஜ'வுக்கும் இடையே திணறும் குழந்தையைக் கரையேற்றத் தெரிந்திருக்கும் என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது வகுப்பில் எத்தனை தலைகள் என்பது. தொடக்க நிலையில் முப்பது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கையே அச்சட்டம் அடிப்படையாகக் கொண்டுள்ளது. பிறகு நோட்டுப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் முத்து முத்தான எழுத்தும் சிவப்பு மையில் 'குட்'டும் இருந்தால் மயங்கிவிடக் கூடாது. கரும்பலகையைப் பார்த்து எழுதியதா, தானே எழுதியதா என்று குழந்தையையே கேட்க வேண்டும். அடித்துத் திருத்திய தப்பும் தவறுமான வாக்கியங்கள் உள்ள நோட்டே என் கண்ணுக்கு நல்ல நோட்டு.

இன்னொன்றை நாம் மறக்கவே கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையற்கூடத்துத் தீ பள்ளியின் ஓலைக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் மாண்டனர். மாடிப்படி குறுகலானது. இன்று அங்கீகாரம், கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் என்று சான்றிதழ்கள் கேட்கப்படுவது சரியே. ஆனால் பெற்றோரும் ஒருமுறை அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். அகலம் எவ்வளவு, கீழ்க்கதவு பகலில் பூட்டிக் கிடக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று.

ஆங்கில மோகம் என்று பெற்றோரைப் பழிப்பது மேடைகளில் எளிது. நானும் சிறுவயதில் அப்படிப் பேசிப் பரிசு வாங்கியவன்தான். ஆனால் முதலாண்டில் ஆங்கிலப் பாடப் புத்தகங்களின் முன் நாம் விழித்த விழிப்பை மறந்துவிட்டு என் அக்காவைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அவள் கேட்டது ஆங்கிலம். அவளுக்குக் கிடைத்தது ஆங்கில ஒலி. அந்த வேறுபாட்டை அவளுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

விடுமுறை முடிந்து நான் புறப்பட்ட மறுநாள் அக்கா பள்ளிக்குச் சென்று கேட்டிருக்கிறாள். "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா? வீட்டில் சொல்லிக் கொடுங்கள்" என்று பதில் வந்ததாம். கம்மல் இன்னும் கடையில்தான் இருக்கிறது. வருகிற ஜூனுக்கு முன்பு வேறு இரண்டு பள்ளிகளையும், எங்கள் தெருவிலேயே உள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளியையும் பார்த்து வரப் போகிறாள். எந்தப் பள்ளியின் பெயரையும் நான் இம்முறை சொல்லவில்லை. ஆண்டு விழா நாளில் போகாதே, சாதாரண நாளில் காலை பதினொரு மணிக்குப் போ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். போகும்போது அம்மாவையும் கூட அழைத்துச் செல்லச் சொல்லியிருக்கிறேன்.