"ஸ்கேன்தானே?" என்று சொல்வதற்கு முன்

ஒரு குழந்தைக்கு முதுகுத்தண்டில் ஸ்கேன் எடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "ஸ்கேன்தானே? ஆபரேஷனா பண்ணினாங்க?" ஆஸ்பத்திரியிலும் பல நேரம் இதே தொனிதான். பில் கட்டியதும் ஃபிலிம் கவரையும் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளையும் கையில் கொடுத்து, "வீட்டுக்குக் கிளம்பலாம்" என்பார்கள்.

இது சரியில்லை என்பதுதான் இந்தப் பதிவு. ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் கையெழுத்து வாங்க இத்தனை அக்கறை காட்டுகிறவர்கள், எடுத்த பிறகு வீட்டில் என்ன செய்வது என்பதைச் சொல்லவும் அதே அக்கறை காட்ட வேண்டும். அதைத் தமிழில், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அடுத்த ஒருநாள் முழுக்க அந்தக் குழந்தைக்கு நர்ஸ் அதன் அம்மாதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்கேன் என்ற ஒரே வார்த்தைக்குள் நாம் மூன்று வேறு விஷயங்களை அடைத்து வைத்திருக்கிறோம்.

ஒன்று, சாதாரண எம்.ஆர்.ஐ. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. முடிந்ததும் குழந்தை வழக்கம்போல் சாப்பிடலாம், விளையாடலாம். இதில் எக்ஸ்ரே கதிர்கூட கிடையாது. "கதிர் பட்ட பிள்ளை, கிட்டப் போகாதே" என்பதெல்லாம் வெறும் பயம்.

இரண்டு, தூங்க வைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. டமடமவென்று சத்தம் போடும் அந்தக் குழாய்க்குள் அரை மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் படுப்பது சின்னக் குழந்தைகளால் முடியாது. அதனால் மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள்.

மூன்று, மைலோகிராம். இடுப்புப் பக்கம் முதுகெலும்புகளின் நடுவே மெல்லிய ஊசியைச் செலுத்தி, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் சாய மருந்தைச் சேர்த்து, எக்ஸ்ரே அல்லது சி.டி. எடுப்பது. 1980களில் எம்.ஆர்.ஐ. வந்தபின் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் முதுகில் உலோகக் கம்பி வைத்த பிள்ளைகளுக்கும், பிரசவத்தின்போது கை நரம்பு அறுந்த குழந்தைகளுக்கும் இன்றும் தேவைப்படுகிறது.

இந்த மூன்றுக்கும் வீட்டுப் பராமரிப்பு வேறு வேறு. எது நடந்தது என்றே தெரியாத பெற்றோர் எதைக் கவனிப்பார்கள்?

தூக்க மருந்து கொடுத்த குழந்தைக்கு ஆபத்து பெரும்பாலும் வீட்டுக்குப் போகும் வழியில். மருந்தின் வேகம் முழுசாகத் தணிந்திருக்காது. கண் விழித்த குழந்தை ஆட்டோவின் ஆட்டத்தில் மறுபடி தூங்கிவிடும். தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழாய் அடைபடலாம். அப்பா பைக் ஓட்ட, நடுவில் குழந்தை, பின்னால் அம்மா என்று போகிறோமே, அதில் குழந்தையின் முகமே யாருக்கும் தெரியாது. அன்றைக்கு ஒருநாள் பைக் வேண்டாம். ஓட்டுகிறவர் தவிர இன்னொருவர் குழந்தையின் தலையை நேராகப் பிடித்து மூச்சைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். வீட்டில் முதலில் சில மடக்கு தண்ணீர். வாந்தி இல்லையென்றால் கஞ்சி, இட்லி. ஒரு நாளைக்குக் கால் தள்ளாடும், அதனால் மாடிப்படி, சைக்கிள் கூடாது.

மைலோகிராம் விஷயம் இன்னும் கொஞ்சம் நுணுக்கம். எங்கள் தெருவில் ஒரு அக்கா, தன் பையனுக்குக் கொடுத்த தாளை என்னிடம் எடுத்து வந்தார். காலேஜில் படிக்கிறவனுக்கு எல்லா இங்கிலீஷும் தெரியும் என்ற நம்பிக்கை :) அதில் தலையை 30 டிகிரி உயர்த்தி வைக்கவும் என்று இருந்தது. படித்துச் சொன்னேன். அக்கா கேட்டார்: "டிகிரின்னா ஜுரமா தம்பி?"

சிரிக்க வேண்டாம். அவருக்குத் தெரிந்த டிகிரி தெர்மாமீட்டரில் இருப்பதுதான். தவறு அந்தத் தாளை எழுதியவர் மேல். "சாய்வு நாற்காலியில் சாய்வதுபோல, முதுகுக்கும் தோளுக்கும் சேர்த்து முட்டுக் கொடுங்கள், கழுத்தை மட்டும் மடக்காதீர்கள்" என்று எழுதினால் யாருக்கும் புரியும். சாய மருந்து வேகமாக மூளைப் பக்கம் ஏறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு, அதுவும் டாக்டர் சொன்ன மணி நேரத்துக்கு மட்டும்.

அதன்பிறகு வரக்கூடிய தலைவலிக்கு இதற்கு நேர்மாறு. ஊசி போட்ட துளை வழியே தண்டுவட நீர் கசிந்தால், எழுந்தால் தலை வலிக்கும், சமமாகப் படுத்தால் குறையும். 1898இல் ஆகஸ்ட் பியர் என்ற ஜெர்மன் டாக்டர் தன் உதவியாளரைக் கொண்டு தன் முதுகிலேயே ஊசி போட்டுப் பார்த்து, சில நாட்கள் இந்தத் தலைவலியில் அவதிப்பட்டார். அவர் டாக்டர், வலியை விவரித்து எழுதினார். இரண்டு வயதுக் குழந்தை எப்படிச் சொல்லும்? தூக்கினால் அழுது, படுக்கப் போட்டால் அடங்கினால் அம்மாவுக்குச் சந்தேகம் வர வேண்டும்.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? தூக்கினால் அழுகிறது என்றால் "உரம் விழுந்திருக்கு" என்று புடவையில் போட்டு உருட்டுவார்கள். பாட்டிகளின் கைவைத்தியத்தைக் கிண்டல் செய்ய நான் இதை எழுதவில்லை. பாட்டிக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஊசி போட்ட முதுகில் உருட்டல், எண்ணெய் தேய்ப்பு, மஞ்சள் பற்று எதுவும் கூடாது. கட்டு நனையக்கூடாது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஓடிக் குதிக்க வேண்டாம். அதற்காகக் கட்டிலோடு கட்டிப்போடவும் வேண்டாம். நாள் முழுக்கப் படுக்க வைத்தால் இந்தத் தலைவலி வராமல் தடுக்கலாம் என்பதற்கு ஆதாரமில்லை.

மருந்திலும் சிக்கல் உண்டு. கடையில் கிடைக்கும் பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் ஒரு வகை, 250 மில்லிகிராம் இன்னொரு வகை. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். "ஒரு மூடி கொடுங்க" என்றால் எந்த பாட்டிலின் மூடி? குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. வாந்திக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மருந்து வாங்காதீர்கள். சில வாந்தி மருந்துகள் இந்தச் சாயத்தோடு சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும்.

எதற்கெல்லாம் விடியும்வரை காத்திருக்கக்கூடாது? எழுப்பினாலும் எழவில்லை, மூச்சுத் திணறுகிறது, வலிப்பு, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் (இது தெர்மாமீட்டர் டிகிரிதான்!), கழுத்து விறைப்பு, நிற்காத வாந்தி, கட்டு ஈரமாகிக்கொண்டே இருப்பது, கால் பலமிழப்பது, சிறுநீர் போகாதது. இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் என்றால் யோசிக்காமல் 108.

மேலே எழுதியதெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பெரிய தமிழும் தேவையில்லை. நான் கேட்பது மூன்றுதான். எந்த ஸ்கேன் என்று பெயர் சொல்லி, தமிழில் ஒரு தாள். இரவில் எடுத்துப் பேச ஆளிருக்கும் ஒரு போன் நம்பர். கிளம்பும் முன் ஐந்து நிமிடம், "அம்மா, வீட்டுல என்ன செய்வீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கிற ஒரு நர்ஸ். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவோம். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் புரிந்ததா என்பது தெரியும்.

நர்ஸுகளுக்கு ஏது நேரம் என்பீர்கள். நியாயம்தான், ஒரு வார்டுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நாமும் பார்க்கிறோம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்தால், அது ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு அம்மாவின் தலையில் விழுகிறது. அதுவரை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை வந்தால், "ஸ்கேன்தானே?" என்று கேட்காமல் "எந்த ஸ்கேன்?" என்று கேளுங்கள்.