மகன் கேட்ட கேள்வி

டெக்சாஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். மலிவாக வாங்கிய பழைய ரிவால்வர் பழுதாம். "ரிப்பேர் செய்யவா, நல்லதா வேற வாங்கவாப்பா?" என்றான். என்னிடம் போய்! வாத்தியார் புத்தி, படித்துப் பார்த்தேன். தோட்டா உருளை குழலுக்கு நேராக நிற்காவிட்டால், சுடும்போது ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்குமாம். மலிவு ரகங்கள் பலவற்றின் உடல் துத்தநாகக் கலவை. எஃகு போல உழைக்காது. ரிப்பேர் கூலியே துப்பாக்கி விலையைத் தாண்டிவிடும். ரிப்பேர் வேண்டாம் என்றேன்.

புதிது வாங்கு என்று சொல்லவும் வாய் வரவில்லை. பேரனுக்கு ஐந்து வயது. பிஸ்கட் டப்பாவை எந்த உயரத்தில் வைத்தாலும் நாற்காலி போட்டு எடுத்துவிடுகிறான். வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால், முதலில் பூட்டுப் பெட்டி வாங்கு, தோட்டாக்களைத் தனியே பூட்டி வை என்றேன். மகன் இன்னும் பதில் சொல்லவில்லை.