பெயரும் பழியும்

இரண்டாம் உலகப் போர் வரை ரோல்ஸ் ராய்ஸ் விற்றது சேசிஸ் மட்டுமே. எஞ்சினும் முகப்பு ரேடியேட்டரும் அதில் இருக்கும். பாடி கட்டியவர்கள் பார்க்கர், ஹூப்பர் போன்ற வெளி நிறுவனத்தார். கதவு கிறீச்சிட்டாலோ மரச்சட்டம் உளுத்தாலோ கட்டியவரே பொறுப்பு என்பது தாளில் சரி. ஆனால் பாடியின் கனம் கூடினால் காரின் வேகம் குன்றும். அப்போது எவரைக் குறை சொல்வது? முகப்பில் பெயருள்ளவரைத்தான். அதை அநியாயம் என்று நான் கருதவில்லை. பெருமையைப் பெற்றவர் பழியை மட்டும் பட்டறைக்காரருக்குத் தள்ளிவிட முடியாதல்லவா?

1939இல் பார்க் வார்டையும், 1959இல் எச்.ஜே. முல்லினரையும் நிறுவனமே வாங்கிக்கொண்டது. இடையில், 1949இல் முழுக் காராகவே வந்தது சில்வர் டான். அதன் எஃகுக் கூட்டை அச்சிட்டதும் பிரெஸ்டு ஸ்டீல் என்னும் வெளி நிறுவனந்தான். வாங்கியவர்களில் எத்தனை பேர் அப்பெயரைக் கேட்டிருப்பார்கள்?