உள்ளே... வெளியே..!

மதுரையில் சீட்டாட உட்காருகிறவர்கள், துண்டை எங்கே விரிக்கிறோம் என்று முதலில் பார்த்துக்கொள்வது உத்தமம். செல்லூரில் விரித்தால் 1888-ம் வருஷத்துச் சட்டம். அதே துண்டை, அதே சீட்டுக்கட்டை, அதே மாமன் மச்சான்களோடு தூக்கிக்கொண்டு போய் சோழவந்தான் பக்கம் வயக்காட்டு ஓரத்தில் விரித்தால் 1930-ம் வருஷத்துச் சட்டம். முதலாவது, சென்னைப் பட்டணத்துக்காக வெள்ளைக்காரன் போட்ட போலீஸ் சட்டம். 1987-ல் அதை மதுரைக்கும் நீட்டித்தார்கள். இரண்டாவது, மற்ற ஊர்களுக்கான சூதாட்டச் சட்டம். ஆக, மாநகர எல்லைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. மங்காத்தா ஆடுகிறவர்கள் 'உள்ளே... வெளியே...' என்று கூவுவதற்கு இது காரணம் இல்லை. ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது!

இந்த 1930 சட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். (வேறு வேலையே இல்லையா என்று வீட்டில் கேட்டார்கள்.) சூதாட்ட விடுதி என்றால் என்ன? வீடு, அறை, கூடாரம், வளைத்துப் போட்ட இடம், வண்டி, கப்பல்... நம்ம வைகையைப் பார்த்த பிறகும் 'கப்பல்' என்ற வார்த்தையை எடுக்காமல் விட்டார்களே, அந்த நம்பிக்கைக்கு ஒரு சல்யூட்! இந்த இடங்களில் சீட்டு, பகடை, மேஜை போன்ற சாமான்களை வைத்து, அதனால் இடத்துக்காரர் லாபம் பார்த்தால் அது சூதாட்ட விடுதி.

இதில் எனக்குப் பிடித்த வார்த்தை 'லாபம்'. அதற்குப் பிறகு வருகிறேன். பிடிக்காத வார்த்தை 'சாமான்'. போலீஸ் வாரண்டோடு வந்து தேடும்போது சீட்டுக்கட்டு அகப்பட்டால் போதும். யாரும் ஆடியதைக் கண்ணால் பார்க்காவிட்டாலும், அது சூதாட்ட விடுதிதான் என்பதற்கு அந்தக் கட்டே சாட்சி. இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு.

எங்கள் ஏரியாவில் ஓர் அண்ணன், கொரோனாவுக்கு முந்தின வருஷம் கேரம் கிளப் ஆரம்பித்தார். நாலு போர்டு, நாலு தொங்கு விளக்கு, ஒரு டப்பா பவுடர். காசு வைத்து ஆடக் கூடாது என்று சுவரில் பெரிசாக எழுதிப் போட்டிருந்தார். ஒழுங்காக லைசென்ஸ் வாங்கித் தொழில் செய்யலாமே என்று ஆசைப்பட்டது ஒன்றுதான் அவருக்கு வினையாகப் போயிற்று.

"என்னண்ணே, கிடைச்சிருச்சா?"

"அதை ஏன் தம்பி கேக்குற... கேரம் போர்டை எந்த இனத்துல சேக்குறதுன்னு அவுகளுக்கே தெரியலையாம். மாவு மில்லுன்னா ஒரு ரேட்டு, மரக்கடைன்னா ஒரு ரேட்டு. போர்டு மரம்தானேன்னு மரக்கடையில சேக்கப் பாத்தாக!"

"அப்புறம்?"

"இங்கிட்டுப் போனா, போலீஸ்ல தடையில்லைன்னு எழுதி வாங்கியாங்கறாக. அங்கிட்டுப் போனா, மொதல்ல லைசென்ஸைக் காட்டுங்கறாக. நடுவுல செருப்புக் கடைக்காரன்தான் பொழைக்கிறான்."

அவர் அலைந்துகொண்டிருந்த நாளில், அதே கிளப்பின் சுவரில் சாய்ந்தபடி நாலு பையன்கள் செல்போனில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். நிஜக் காசுக்கு! அதற்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்க மதுரையில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

சூதாட்டச் சாமான் என்றால் எனக்கு ஞாபகம் வருவது லங்கர் கட்டை. திருவிழாக் கூட்டத்தில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் தீர்கிற இடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஸ்பேடு, ஆர்ட்டின், டைமன், கிளாவர், கிரீடம், நங்கூரம் என்று ஆறு கட்டம். (லங்கர் என்றால் நங்கூரம்தான். வெள்ளைக்கார மாலுமிகள் ஆடிய ஆட்டம், கரையேறி நம்ம கண்மாய் ஓரம் வரைக்கும் வந்துவிட்டது. 'கப்பல்' என்று சட்டத்தில் இருப்பது ஒருவேளை இதற்குத்தானோ?) நீங்கள் ஒரு கட்டத்தில் ஒரு ரூபாய் வைக்கிறீர்கள். மூன்று கட்டை உருளுகிறது. உங்கள் படம் ஒரு கட்டையில் விழுந்தால் ஒரு ரூபாய் லாபம்; இரண்டில் விழுந்தால் இரண்டு; மூன்றிலும் விழுந்தால் மூன்று. கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று கட்டைகள் 216 விதமாக விழலாம். ஒவ்வொரு விதமும் ஒரு தடவை விழுந்ததாக வைத்துக்கொண்டால், 125 தடவை உங்கள் ரூபாய் போகும். மீதி 91 தடவையில் மொத்தம் 108 ரூபாய் வரும். வித்தியாசம் 17 ரூபாய் துண்டுக்காரருக்கு. ஏமாற்றே தேவையில்லை, சார்! கட்டையில் ஈயம் வைக்காமல், கண்கட்டு வித்தை காட்டாமல், விடியவிடிய உருட்டினாலே ரூபாய்க்கு எட்டுப் பைசா அவர் பக்கம் ஒதுங்கிவிடும். சட்டம் 'லாபம்' என்று சொன்னது இதைத்தான்.

ஆனால் நம்ம கோர்ட்டு வழக்குகள் எல்லாம் லாபத்தைவிட வேறொரு கேள்வியில்தான் அதிகமாக உருண்டிருக்கின்றன: ஆட்டம் திறமையா, அதிர்ஷ்டமா? முழுக்கத் திறமை என்றால் சூதாட்டச் சட்டம் தொடாது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் 1963-ல் போலீஸ் புகுந்து ரம்மி ஆடியவர்களைப் பிடித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1967-ல் தீர்ப்பு வந்தது. எந்தச் சீட்டு விழுந்தது என்று ஞாபகம் வைக்கணும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று யோசிக்கணும், ஆகவே ரம்மியில் திறமைதான் பிரதானம் என்றார்கள். மூணு சீட்டு அந்த ஜாதி இல்லை. கிளப் சீட்டுக்கும் மேஜைக்கும் கொஞ்சம் கட்டணம் வாங்கியது லாபமாகாது என்றும் சொன்னார்கள். ஆனால் கிளப்காரர் அந்த ஆட்டத்திலேயே காசு பார்த்தால் கதை வேறு என்று ஒரு முடிச்சும் போட்டார்கள். அந்த முடிச்சைப் பிற்பாடு ரொம்பப் பேர் மறந்துபோனார்கள்.

அதற்கு அடுத்த வருஷம், 1968-ல்தான் தமிழ்நாடு அரசு பரிசுச் சீட்டு ஆரம்பித்தது. லாட்டரி இந்தச் சட்டப்படி சூதாட்டக் கணக்கில் வராது! அதில் என்ன திறமை இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. 2003 ஜனவரியில் லாட்டரியை நிறுத்தினார்கள். இன்றைக்கும் குமுளி பஸ் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஏலக்காய் வாங்கத்தான் போகிறார்கள் என்று சொல்ல முடியாது.

கிண்டி ரேஸும் அப்படித்தான். 1974-ல் ஒழிக்கச் சட்டம் வந்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் திறமை என்று சொல்லிவிட்டது. (குதிரையின் திறமையா, ஆளின் திறமையா என்று எங்கள் டீக்கடையில் இன்னும் முடிவாகவில்லை.) பெங்களூர் வீடியோ கேம்ஸ் கடைக்காரர்கள் 1995-ல் போனபோது மட்டும், மெஷின் வைக்க லைசென்ஸ் வேண்டும், வெறும் அதிர்ஷ்ட மெஷினுக்கு மறுக்கலாம் என்றார்கள். பெட்டி மெஷினுக்கு இந்த நியாயம் உடனே கிடைத்தது. பாக்கெட் மெஷினுக்குக் கிடைக்க 30 வருஷம் ஆயிற்று.

மாசி வீதி ஜவுளிக் கடை ஒன்றில் சேல்ஸ் பார்க்கும் பையனை எனக்குத் தெரியும். ராத்திரி ஒன்றரை மணி, இரண்டு மணிக்குப் போர்வைக்குள்ளே ரம்மி. எட்டு மாதத்தில் சம்பளம் போய், கைமாற்று போய், அம்மாவின் தோடும் அடகுக்குப் போனது. அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "ராத்திரியானா வெளிய தெருவ எங்கயும் போக மாட்டான் தம்பி. சீட்டாடுற பயலுக கூடச் சேர மாட்டான். நல்ல புள்ளன்னு நானும் இருந்துட்டேன்."

மதுரை ஹைகோர்ட்டு கிளைக்கு இந்த விஷயம் வந்த விதம் விசேஷம். பணம் வைத்துச் சீட்டாடியதாகப் போட்ட ஒரு சின்ன வழக்கு, 2020 ஜூலையில். அதை விசாரித்த நீதிபதி புகழேந்தி, சீட்டுக்கட்டோடு நிற்காமல் ஆன்லைன் ரம்மி பக்கம் திரும்பி, இதற்குச் சட்டம் வேண்டாமா என்று கேட்டார். நவம்பரில் அதே கிளை, விளம்பரத்தில் வந்த கிரிக்கெட், சினிமா நட்சத்திரங்களுக்கு நோட்டீஸ் அனுப்பச் சொன்னது. அந்த மாதமே அவசரச் சட்டம் வந்தது.

அப்புறம் நடந்தது அசல் உள்ளே-வெளியே. 2021 பிப்ரவரியில் சட்டம் உள்ளே. ஆகஸ்ட் 3-ம் தேதி சென்னை ஹைகோர்ட்டில் வெளியே. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கையை வைத்து 2022-ல் புது மசோதா உள்ளே. கவர்னர் திருப்பி அனுப்பியதில் வெளியே. மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் உள்ளே. அந்த நவம்பரில் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று அவை இரண்டு மட்டும் வெளியே. 2025-ல் நள்ளிரவு 12 முதல் 5 வரை ஆடக் கூடாது என்று விதி போட்டு, அது ஜூனில் கோர்ட்டில் நின்றது. அந்த ஜவுளிக் கடைப் பையனுக்கு அது நாலு வருஷம் லேட்.

ரம்மியில் திறமை இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் கமிஷன் எடுத்துக்கொண்ட கம்பெனிக்குத் தோற்கவே வழியில்லையே! லங்கர் துண்டுக்காரராவது போலீஸைக் கண்டால் ஓடணும். கேரம் அண்ணன் வாடகை கட்டணும். 1930 சட்டத்தில் 'லாபம்' என்ற வார்த்தை 90 வருஷத்துக்கும் மேலாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் கையில் எடுக்காமல், சாமானையே எண்ணிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் 2025 ஆகஸ்டில் டெல்லியே சட்டம் போட்டது. ஆன்லைனில் பணம் வைத்து ஆடினால் திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ, எல்லாம் தடை. கம்பெனிகள் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நிறுத்தின. வழக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. மிச்சம் இருப்பவை நம்ம மனமகிழ் மன்றங்கள். உள்ளே போகும்போது இருந்த மகிழ்ச்சியோடு வெளியே வந்தவரை நான் பார்த்ததில்லை. பேர் மட்டும் அப்படி. போலீஸ் அங்கே போவதும், மன்றத்தார் மதுரைக் கிளையில் மனுப் போடுவதும் வழக்கமான காட்சி.

இதையெல்லாம் டீக்கடையில் விளக்கிக்கொண்டிருந்தேன். கேரம் அண்ணன் டீயை ஆற்றியபடி கேட்டார்: "அப்ப போன்ல ரம்மி ஆடுனா குத்தம். போனை அணைச்சுட்டு, சீட்டுக்கட்டை எடுத்து அதே ரம்மியை ஆடுனா திறமை. சரியா தம்பி?"

"துண்டை எங்கண்ணே விரிக்கிறீங்க... எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா?"