காக்பிட்டோடு நின்றுவிட்ட வெப்ப விதி

எஃப்1 வெப்ப அபாய விதி காகிதத்திலிருந்து டிராக்குக்கு வந்துவிட்டது. 2025 அக்டோபரில் முதலில் சிங்கப்பூரில், இரண்டு வாரம் கழித்து ஆஸ்டினில் அது அமலானது. பந்தயத்தின்போதோ ஸ்பிரிண்டின்போதோ வெப்பக் குறியீடு 31 டிகிரியைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால் ரேஸ் டைரக்டர் அபாயத்தை அறிவிப்பார். பந்தயத்துக்கான குறைந்தபட்ச எடை 5 கிலோ கூடும். குளிரூட்டும் கருவி காரில் ஏறும். குழாய் ஓடும் உள்சட்டையைப் போட விரும்பாத ஓட்டுநர் அதற்கு ஈடாக அரை கிலோ பாலஸ்ட் சுமக்க வேண்டும். விதி இவ்வளவுதான். இவ்விதழ் அதை முழு மனதோடு வரவேற்கிறது.

குழாய் உறுத்துகிறது, பெல்ட்டுக்கு அடியில் அழுத்துகிறது என்று சில ஓட்டுநர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைச் சரிசெய்வது பொறியாளர்களின் வேலை. அதற்காக விதியையே தளர்த்தச் சொல்பவர்கள் 2023 அக்டோபர் 8 இரவை மறந்துவிட்டார்கள். கத்தாரின் லுசைலில் கெர்ப்கள் டயரின் பக்கச் சுவரைப் பதம் பார்த்ததால் ஒரு செட்டுக்கு 18 சுற்று என்று வரம்பு வைத்தார்கள். டயரைக் காப்பாற்றி ஓட்டத் தேவையில்லாமல் போனதால் 57 சுற்றும் முழு வேகத்தில் ஓடின. ஓக்கான் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். சார்ஜென்ட் பாதியில் விலகினார். ஆல்பன் மருத்துவ மையத்துக்குப் போனார். ஸ்ட்ரோல் இறங்கித் தள்ளாடியதை உலகமே பார்த்தது. இருட்டிய பிறகு, ஒன்றரை மணி நேரத்துக்குள், கழுத்துத் தசைக்கென்றே தனிப் பயிற்சி எடுக்கும் உடல்களுக்கு நேர்ந்த கதி இது. உச்ச உடல்தகுதி உள்ளவர்களானாலும் உடல்நலத்தைப் பணயம் வைத்து ஓட்டச் சொல்லக் கூடாது என்று அதன் பிறகு எஃப்ஐஏ எடுத்த நிலைப்பாடுதான் இந்த விதியாகக் கனிந்தது.

அந்த நிலைப்பாடு காக்பிட்டின் விளிம்போடு ஏன் நின்றுவிட்டது?

விதியின் சொற்களை இன்னொரு முறை பாருங்கள். பந்தயம், ஸ்பிரிண்ட். பஹ்ரைனின் சக்கீரில் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. விளக்கொளியில், வெயில் தணிந்த பிறகு. முன்னறிவிப்பு அந்த நேரத்தைத்தான் கணக்கில் எடுக்கும். அதே நாளில் எஃப்3, எஃப்2, போர்ஷே பந்தயங்கள் நண்பகலிலும் பிற்பகலிலும் ஓடுகின்றன. அவற்றுக்கெல்லாம் கொடி பிடிக்கும் மார்ஷல்கள் ஒரே ஆட்கள்தான். காலையிலேயே போஸ்ட்டுக்குப் போனவர்கள், பெரிய பந்தயத்தின் சிவப்பு விளக்குகள் அணையும்போது எட்டு மணி நேர வெயிலை உடம்பில் ஏற்றிக்கொண்டு நிற்கிறார்கள். ஓட்டுநருக்கு அபாயம் இல்லாத நாள், மார்ஷலுக்கும் அபாயம் இல்லாத நாளாகப் பதிவாகிவிடுகிறது.

தேர்ந்தெடுத்த அளவுகோலிலும் கோளாறு இருக்கிறது. வெப்பக் குறியீடு நிழலுக்கான எண். காற்றின் சூட்டையும் ஈரத்தையும் மட்டுமே சேர்த்துச் சொல்வது. நேர் வெயிலில் நின்றால் அதோடு இன்னும் எட்டு டிகிரி வரை கூடலாம் என்று அமெரிக்க வானிலைத் துறையே எச்சரிக்கிறது. காக்பிட்டுக்கு அந்த எண் ஓரளவு பொருந்தலாம். பாலைவன ரன்-ஆஃப் ஓரத்தில், மேலே சூரியனும் கீழே கொதிக்கும் தாரும் இருக்க, நீண்ட கை ஓவராலுக்குள் நிற்பவருக்குப் பொருந்தாது. வெயிலில் வேலை செய்பவர்களுக்கென்றே ஐஎஸ்ஓ 7243 தரத்தில் ஈரக்குமிழ்–கோள வெப்பநிலை அளவீடு உண்டு. கதிர்வீச்சு, ஈரம், காற்று மூன்றும் அதில் அடங்கும். கருவி கையடக்கமானது. போஸ்ட்டுக்கு ஒன்று வைக்க எந்தச் சர்க்யூட்டும் திவாலாகாது.

சக்கீரைக் கட்டும்போது இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் சுரங்கத்திலிருந்து ஜல்லியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். பாலைவன மணல் டிராக்கில் பறந்து விழாமலிருக்க, சுற்றுப்புற மணலின் மேல் பசை தெளித்தார்கள். டயருக்குத் தேவையானது எதுவென்று கண்டறிவதில் இந்தத் துறைக்கு எந்தக் குறையும் இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

சோதனை நாட்களை எடுத்துக்கொள்வோம். ஒரு பந்தய வார இறுதியில் எஃப்1 கார்கள் ஓடும் நேரம் எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரத்துக்குள் அடங்கும். 2025 பிப்ரவரியில் சக்கீரில் நடந்த சோதனையில் காலை 10 முதல் 2 வரை, 3 முதல் 7 வரை, மூன்று நாள். மொத்தம் 24 மணி நேரம். பிப்ரவரி வெயில் கொல்லாது என்பது சரி. ஆனால் நான்கு மணி நேரம் தொடர்ந்து டிராக் திறந்திருந்தால் போஸ்ட்டில் யாரும் கண்ணை எடுக்க முடியாது. நீலக்கொடிக்காரர் வரும் கார்களைப் பார்த்தபடி நிற்கிறார். மஞ்சள்கொடிக்காரர் அவருக்கு முதுகு காட்டிப் போகும் கார்களைப் பார்க்கிறார். தண்ணீர் பாட்டில் காலடியில் இருக்கிறது. குனிந்து எடுக்க, பக்கத்தில் இருப்பவர் “நான் பார்த்துக்கறேன், குடி” என்று சொல்ல வேண்டும். போஸ்ட்டில் ஆள் குறைந்தால் அதைச் சொல்லவும் ஆள் இல்லை. 2014இலும் 2019இலும் பஹ்ரைன் பந்தயம் முடிந்த இரண்டாம் நாளே அங்கு இரண்டு நாள் சோதனை தொடங்கியது. வார இறுதி முழுக்க நின்றவர்கள் இடையில் ஒரு நாள் மட்டும் ஓய்ந்துவிட்டு மறுபடி நின்றார்கள் என்றால் அதை எந்த விதி தடுத்திருக்கும்?

சோதனையில் எதுவும் நடக்காது என்ற எண்ணமும் தவறு. 2024 சோதனையின் இரண்டாம் நாள், 11ஆம் வளைவில் வடிகால் மூடி பெயர்ந்து லெக்லெர்க்கின் காரைப் பதம் பார்த்தது. மறுநாள் அதே வளைவில் மறுபடியும் மூடி பெயர்ந்து சிவப்புக் கொடி. 2025 சோதனையில் முதல் நாள் மின்சாரம் போனது. கடைசி நாள் தொடக்கக் கோட்டுக்கு மேலிருந்து கண்ணாடி உடைந்து டிராக்கில் விழுந்தது. அதே நாள் ஒரு பேருந்தும் டிராக்குக்குள் வந்துவிட்டது. பந்தயமே இல்லாத நாட்களில்தான் இத்தனையும்.

களைப்பு தீர்ப்பைக் குலைக்கும். 2020 நவம்பர் 29 அன்று இதே சக்கீரில் குரோஷானின் கார் மணிக்கு 192 கிலோமீட்டரில் தடுப்பைக் கிழித்து எரிந்தபோது, டாக்டர் இயன் ராபர்ட்ஸுக்குத் துணையாகத் தீயணைப்பானோடு ஓடியவர்களை உலகம் கொண்டாடியது. அதே பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளில், பெரேஸின் கார் புகைந்து நின்றதும், தீயணைப்பானோடு ஒரு மார்ஷல் நாரிஸின் கார் வரும்போதே டிராக்கைக் குறுக்காகக் கடந்தார். 1977 கியலாமி எல்லோருக்கும் நினைவு வந்தது. அன்று அங்கே ஒரு மார்ஷலும் ஓட்டுநர் டாம் பிரைஸும் இறந்ததும் இப்படி ஒரு குறுக்கோட்டத்தில்தான். சக்கீரில் அந்த மார்ஷலைத் தூண்டியது பதற்றமா, பயிற்சிக் குறைவா, அயர்ச்சியா? ஒவ்வொரு சம்பவத்திலும் முதலிரண்டையும் கேட்கும் விசாரணைகள் மூன்றாவதைக் கேட்பதில்லை. அவர் எத்தனை மணிக்குப் பணிக்கு வந்தார், கடைசியாக எப்போது உட்கார்ந்தார், என்ன குடித்தார் என்ற மூன்று கேள்விகளுக்கும் சம்பவ அறிக்கையில் இடம் வேண்டும்.

போஸ்ட்டுக்கு வெயில் மழையில் ஒதுங்க இடம் வேண்டும் என்பது எஃப்ஐஏ விதிகளின் பின்னிணைப்பு எச் அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. ஒதுங்க இடம் வேறு, ஒதுங்க நேரம் வேறு. ஐந்து கிலோவை எந்த அணி எங்கே வைப்பது என்று மாதக்கணக்கில் பேச நேரம் கிடைத்த ஆணையங்களுக்கு, சம்பளம் வாங்காமல் வரும் தன்னார்வலரின் பணிநேரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுத நேரம் கிடைக்காமல் போனது வருத்தத்துக்குரியது. அணிகளுக்குக் குரல் இருக்கிறது, ஓட்டுநர்களுக்குச் சங்கம் இருக்கிறது. போஸ்ட்டில் நிற்பவருக்காக யார் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நிற்கும் நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சென்னைக் காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடல் தெருப் பந்தயத்துக்கு டிராக் சான்றிதழ் தாமதமானபோது, அட்டவணை தள்ளிப்போன ஒவ்வொரு மணி நேரத்தையும் ஓவராலுக்குள் கழித்தவர்கள் யார் என்பதும் நமக்குத் தெரியும்.

எனவே எஃப்ஐஏவிடமும் நம் நாட்டுக் கூட்டமைப்பிடமும் இவ்விதழ் கேட்பது இதுதான். வெப்ப அபாயத்தைக் கணிக்கும் நேரம் முதல் சப்போர்ட் ரேஸிலிருந்து தொடங்கட்டும். சோதனை நாட்களும் அதில் சேரட்டும். அளவீடு போஸ்ட்டில், வெயிலில் எடுக்கப்படட்டும். வரம்பு தாண்டினால் போஸ்ட் சீஃப் ஆள் மாற்றக் கேட்கலாம், கிளார்க் ஆஃப் தி கோர்ஸ் மறுக்கக் கூடாது என்று எழுத்தில் வரட்டும். மாற்றுவதற்கு ஆள் இல்லையென்றால், ஆள் வரும்வரை அடுத்த அமர்வு தொடங்கக் கூடாது.