விடுப்பு இரந்து பெறும் பொருளா?

‘விடு’ என்னும் சிறிய வேரினின்று தமிழில் பெரிய சொற்கள் பல கிளைத்திருக்கின்றன. விடுதலை அதிலிருந்து வந்தது. விடுமுறையும் விடுப்பும் அதிலிருந்தே வந்தன. மனிதர் குடியிருக்கும் வீடும் ஞானியர் நாடும் வீடுபேறும் அவ்வேரின் முதலெழுத்து நீண்டு பிறந்த சொற்களே. திருவண்ணாமலையில், ரமணாசிரமம் அமைந்திருக்கும் செங்கம் சாலைப் பகுதியில், இச்சொற்கள் யாவும் ஒரே தெருவில் நடமாடுகின்றன. வீடுபேற்றை நாடி உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அங்கு வந்து தங்குகின்றனர். அவர்களுக்கு அறை பெருக்கி, விரிப்புகளை வெளுத்து, உணவு சமைத்து, கடையில் நின்று பொருள் எடுத்துக் கொடுக்கும் பணியாளரோ தம் சொந்த வீட்டுக்கு இரண்டு நாள் போய்வர அனுமதி வேண்டி மேலாளரின் மேசைமுன் கைகட்டி நிற்கின்றனர். வீடு தேடி வந்தவருக்கு வழி திறந்திருக்கிறது. வீடு திரும்ப விரும்புபவருக்கு வழி அடைபட்டிருக்கிறது. இம்முரணை ஆன்மிக நகரம் ஒன்று எப்படிப் பொறுத்துக்கொள்கிறது என்பதே நம் கேள்வி.

எந்த ஒரு நிறுவனத்தையும் சுட்டிக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. இது ஒரு தெருவின் நோயன்று; நாட்டின் நோய். ஆயினும் கூட்டம் மிகுந்த இடத்தில் நோய் தெளிவாகத் தெரியும். மாதந்தோறும் முழுநிலவு நாளில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மக்களால் நிறைகிறது. கார்த்திகைத் தீபத்தின் பத்து நாட்களில் நகரம் தன் கொள்ளளவைப் பன்மடங்கு தாண்டுகிறது. மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டவர் வருகை கூடுகிறது. இந்நாட்களில் விடுப்புக் கேட்பவருக்குக் கிடைக்கும் விடைகள் நாம் கேட்டுக் கேட்டுப் பழகியவை. “சீசன் நேரத்தில் லீவா?” என்பது முதல் விடை. “போனால் திரும்பி வராதே” என்பது இரண்டாவது. மூன்றாவது விடை மௌனம். விண்ணப்பம் மேசையில் கிடக்கும். ஆம் என்றோ இல்லை என்றோ எவரும் சொல்லார். அந்த நாளும் கடந்துபோகும். மூன்றிலும் கொடியது இம்மௌனமே. மறுப்பவனிடம் காரணம் கேட்கலாம். பேசாதவனிடம் எதைக் கேட்பது?

“கூட்டம் வரும் நாளில் எல்லாரும் போய்விட்டால் வருவோரைக் கவனிப்பது யார்?” என்று மேலாளர் வினவுவார். நியாயமான வினாவே, இதைத் தட்டிவிட நாம் விரும்பவில்லை. விடுப்பின் நாளைப் பணியிடத்தின் தேவையோடு பொருத்திப் பார்க்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கு உண்டு. ஆனால் ஒன்றைச் சிந்திப்போம். முழுநிலவு எந்த நாளில் வரும் என்பதைப் பஞ்சாங்கம் ஓராண்டுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. கார்த்திகைத் தீபம் எந்நாள் என்பதும் முன்கூட்டியே தெரிந்ததே. வெள்ளமும் தீயும் திடீரென வரலாம். பௌர்ணமி திடீரென வருவதில்லை. அப்படியிருக்க, எந்தத் தீபத்தன்று யார் பணியில் நிற்பது, அடுத்த தீபத்தன்று யார் வீட்டில் இருப்பது என்று தை மாதத்திலேயே ஒரு முறைப்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுவதற்குத் தடை என்ன? கூட்டத்துக்கென அரிசி முன்கூட்டி வாங்கப்படுகிறது. அறைகளுக்கு முன்பதிவு நடக்கிறது. ஆளுக்கு மட்டும் முன்னேற்பாடு இல்லையெனில், அது கூட்டத்தின் குற்றமன்று. பணியாளின் ஓய்வை ஏற்பாடு செய்யத்தக்க பொருளாகவே கருதாத மனத்தின் குற்றம்.

அடுத்த வாதம் ஆழமானது. “விடுப்பு என்பது நாங்கள் மனமிரங்கிக் கொடுப்பது” என்பர். இங்கேதான் நாம் உறுதியாக மறுத்துரைக்க வேண்டியிருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்ன சொல்கிறது? ஓராண்டு தொடர்ந்து பணிசெய்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாட்கள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. நோயுற்றாலோ விபத்து நேர்ந்தாலோ ஆண்டுக்கு 12 நாட்கள் வரை உண்டு. தகுந்த காரணம் எதற்கும் தற்செயல் விடுப்பாக 12 நாட்கள் வரை உண்டு. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு இவற்றின் வேறானது. உணவு விடுதிகளுக்கென உள்ள 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் வார ஓய்வை வலியுறுத்துகிறது. தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கான 1958-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம், குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு மேலும் ஐந்து விழா நாட்களைச் சேர்க்கிறது. அந்நாட்களில் வேலை வாங்கினால் இருமடங்கு ஊதியமோ, அன்றைய ஊதியத்துடன் மாற்று விடுமுறையோ தரவேண்டும். 2019 முதல் பத்துப்பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் கடைகள் ஆண்டு முழுவதும் இரவு பகலாகத் திறந்திருக்கத் தமிழக அரசு இசைவளித்தபோதும், ஒவ்வொரு பணியாளுக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் ஓய்வு என்னும் நிபந்தனையை அதனோடு இணைத்தே வைத்தது. கடைக்கு ஓய்வு வேண்டாமலிருக்கலாம்; கடையில் நிற்கும் மனிதருக்கு வேண்டும்.

சட்டம் மறுப்பையும் எண்ணிப் பார்த்திருக்கிறது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்ட ஒருவர் அதைப் பெறாமலேயே வேலையை விட்டுப் போனால், அவ்விடுப்புக்குரிய ஊதியத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும் என்று கடைகள் சட்டம் விதிக்கிறது. தொழிற்சாலைகளுக்கான 1948-ஆம் ஆண்டுச் சட்டம், முறைப்படி கேட்டும் முறையின்றி மறுக்கப்பட்ட விடுப்பை எல்லையின்றி அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம் என்றது. அச்சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்நெறியைக் கைவிடவில்லை. விடுப்புத் தகுதிக்கு ஆண்டில் 240 நாட்கள் உழைத்திருக்க வேண்டும் என்பதை 180 நாட்களாகக் குறைக்கவும் செய்தது. இவற்றின் பொருள் யாது? மறுத்துவிட்டால் விடுப்பு மறைந்துபோவதில்லை. அது கடனாக நிற்கிறது. கடன்பட்டவன் கடன் கொடுத்தவனைப் பார்த்து “மனமிரங்கினேன்” என்று சொல்லலாமா? இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் ஓய்வு என்னும்போது, அவ்வோய்வும் அந்த இருபது நாளில் ஈட்டிய கூலியின் ஒரு பகுதியே. கூலியைப் பிடித்துவைப்பது பாவம் என்றால், ஓய்வைப் பிடித்துவைப்பதை வேறு பெயரால் அழைக்க நமக்குத் தெரியவில்லை.

“பிடிக்கவில்லையென்றால் போகட்டும், வேறு ஆள் கிடைக்கும்” என்பது கடைசி வாதம். இது வாதமன்று, மிரட்டல். ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இன்றி நீக்கலாகாது என்று அதே 1947-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மேல்முறையீட்டுக்கும் வழி வைத்திருக்கிறது. அச்சத்தாலும் வறுமையாலும் கொடிய நிபந்தனைக்குத் தொழிலாளி இணங்கினால் அந்த இணக்கம் உண்மையான சம்மதமாகாது, அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் இரையாகிறார் என்னும் கருத்தைத் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே தம் சுற்றுமடலில் எடுத்துரைத்தார். 1981-இல் இரண்டாம் ஜான் பால், வார ஓய்வையும் ஆண்டுக்கொருமுறை நீண்ட விடுப்பையும் உழைப்பவரின் உரிமைகளில் சேர்த்தார். 1921-இல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு தொழிற்கூடங்களுக்கென வகுத்த வார ஓய்வு உடன்படிக்கையை இந்தியா 1923-இல் ஏற்றது. அவ்வாண்டு மே முதல் நாளில்தான் சிங்காரவேலர் சென்னையில் இந்நாட்டின் முதல் மே தின விழாவை நடத்தினார். நூறாண்டுக்கு முன் முடிந்துபோன வழக்கை ஒவ்வொரு மேலாளரும் தம் மேசையில் புதிதாகத் தொடங்குவது எந்த அறம்?

விடுப்பு மறுக்கப்பட்ட மிகப் பழைய வரலாறுகளில் ஒன்றை விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரம் தாங்கியிருக்கிறது. அடிமைகள் கேட்டது நாட்டையன்று, செல்வத்தையன்று. பாலைநிலத்தில் தம் இறைவனுக்கு விழா எடுக்க மூன்று நாள் வழிப்பயணத்துக்கு அனுமதி கேட்டனர். பார்வோன் செய்தவை மூன்று. கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்றான். செங்கலுக்கு வேண்டிய வைக்கோலை நிறுத்தினான். ஆனால் செங்கற்களின் எண்ணிக்கையைக் குறைக்க மறுத்தான். இன்றும் முறை மாறவில்லை. விடுப்புக் கேட்டவர் சோம்பேறி எனப்படுகிறார். போய்வந்தபின் வேலை இரட்டிப்பாகிறது. அவ்வதிகாரத்தில் அடிவாங்கியவர் யார் என்பதையும் காண்க: அடிமைகளுக்குள்ளிருந்தே நியமிக்கப்பட்ட கண்காணிகள். மேலாளர் பலரின் நிலையும் அதுவே. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அவருக்கும் விடுப்பு இல்லை. தமக்கு மறுக்கப்பட்டதைத் தமக்குக் கீழிருப்பவருக்கு மறுப்பதால் அவர் காயம் ஆறப்போவதில்லை.

காலந்தாழ்ந்த நீதியின் கதை ஒன்றும் நம் மாநிலத்தில் உண்டு. தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் 2021-இல் மகப்பேற்று விடுப்புக் கேட்டார். முந்தைய திருமணத்தில் இரு குழந்தைகள் உண்டு என்னும் காரணத்தால் அது மறுக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு 2022-இல் அதை மாற்றியது. இறுதியில் 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் மறுப்பைத் தள்ளி, மகப்பேற்று விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளோடு இணைந்தது என்று அறிவித்தது. தீர்ப்பு நன்று. ஆயினும் ஒரு தாய்க்கு ஓய்வு வேண்டியிருந்த மாதங்கள் நான்காண்டுக்கு முன்பே கடந்துவிட்டன. பணத்தைப் பின்னர் கொடுத்துச் சரிசெய்யலாம். நாளை அப்படித் திருப்பித் தர இயலாது. தந்தையின் இறுதிச் சடங்கு ஒருநாள்தான் நிகழும். தங்கையின் திருமணமும் அவ்வாறே. அரசின் நிரந்தரப் பணியிலுள்ள ஓர் ஆசிரியைக்கே நான்காண்டு எனில், விடுதியில் விரிப்பு வெளுப்பவர் எந்த மன்றத்தின் படியேறுவார்?

தீபத்தன்று வெளிமாவட்டங்களிலிருந்தும் வந்து நிற்கும் ஆயிரக்கணக்கான காவலர்களையும் இங்கு நினைக்கிறோம். காவலருக்கு வார ஓய்வு தரத் தமிழக அரசு 2021-இல் ஆணையிட்டது. விழாக் காலத்தில் ஓய்வு ஒத்திவைக்கப்படுவதைப் புரிந்துகொள்ளலாம். ஒத்திவைத்த நாள் பின்னர் கணக்கில் வந்து சேருகிறதா என்பதே கேள்வி.

இன்னொரு தீமையையும் மறைக்காது சொல்வோம். உண்மைக் காரணத்துக்கு விடுப்பு கிடைக்காத இடத்தில் பொய்க் காரணம் பிறக்கிறது. மகளின் பள்ளி விழாவுக்குப் போக விரும்பும் தாய் வயிற்றுவலி என்கிறாள். ஒரே பாட்டி மூன்று முறை இறக்கிறாள். இதைக் கண்டு நகைக்கும் மேலாளர், அப்பொய்யில் தமக்கும் பங்குண்டு என்பதை உணர்வதில்லை. பொய் சொல்பவர் குற்றவாளியே. மெய் சொல்ல இடம் தராதவர் அதினும் பெரிய குற்றவாளி. நம்பிக்கை குன்றிய பணியிடத்தில் ஒழுங்கும் நில்லாது, உழைப்பும் சிறவாது.

நம் கத்தோலிக்க நிறுவனங்களை இவ்வளவையிலிருந்து விலக்கிவைக்க நாம் ஒருப்படோம். பள்ளி, மருத்துவமனை, மாணவர் விடுதி ஆகியவற்றின் சமையற்காரருக்கும் காவலாளிக்கும், பங்குக் கோயிலில் மணியடிக்கும் உபதேசியாருக்கும், ‘சேவை’ என்னும் பெயரால் ஓய்வு மறுக்கப்படலாகாது. ஓய்வுநாள் கட்டளையை இணைச்சட்டம் விளக்கும்போது, உரிமையாளனைப் போலவே வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்பதையே காரணமாக வைக்கிறது. பீடத்தில் அதை வாசித்துவிட்டு அலுவலகத்தில் மறப்பது முறையன்று. இரமண மகரிஷி ஆசிரமத்தின் அடுக்களையில் தாமே காய் நறுக்கி உழைத்தவர் என்பதை அப்பகுதியார் அறிவர். அடுக்களையில் நிற்பவரின் களைப்பை அறிய அங்கு நின்று பார்த்தலே வழி. அவ்வழி எல்லாச் சமயத்தாருக்கும் பொது.

“சாமி, லீவு கேட்டால் வேலையே போய்விடும்” என்று அஞ்சும் பணியாளருக்கு நாம் சொல்வது இது: வாயால் மட்டும் கேளாதீர்; நாளிட்டு எழுதிக் கேளுங்கள்; படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இயன்றவரை முன்கூட்டியே கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வேண்டுங்கள். தனியே செல்ல அஞ்சினால் நால்வராய்ச் செல்லுங்கள். அதற்கும் பயனில்லையெனில் தொழிலாளர் துறை அலுவலகம் உங்கள் வரிப்பணத்தில்தான் இயங்குகிறது. அதன் கதவைத் தட்டுங்கள்.

மேலாளருக்கு நாம் சொல்வது இன்னும் சுருக்கமானது. ஒவ்வொரு கடையிலும் விடுதியிலும் நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. அதில் பௌர்ணமிகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதன் அருகே உங்கள் பணியாளரின் பெயர்களும் அவர்களுக்குரிய ஓய்வு நாட்களும் எழுதிய தாள் ஒன்றையும் தொங்கவிடுங்கள். ஓர் ஆணி போதும்.