வெள்ளம் வடிந்த பிறகு யார் வருவார்?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடந்த பிறகும் அங்கேயே வெகுநேரம் நின்றது. அதனால் காற்றைவிட மழைதான் அதிக நாசம் செய்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் கிட்டத்தட்ட அதே அளவு பெய்தது. அந்தத் தண்ணீர் எல்லாம் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. நம் மாவட்டத்தில் திருக்கோவிலூர் பகுதியும், அதற்குக் கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்களும் ஒரே இரவில் மூழ்கின.

முறையாக எச்சரித்த பிறகே தண்ணீர் திறந்தோம் என்றது அரசு. எச்சரிக்கை மக்களிடம் வந்து சேரவில்லை என்றன எதிர்க்கட்சிகள். அந்த விவாதம் பல நாள் நடந்தது. ஆனால் அதைவிடக் குறைவாகப் பேசப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. தண்ணீர் வடிந்து, தொலைக்காட்சி வண்டிகள் திரும்பிப்போன பிறகு, சேறு படிந்த வீட்டின் முன் நிற்கும் குடும்பத்துக்குக் கை கொடுக்க யார் வந்தார்கள்?

மீட்பு வேறு, மீள்வது வேறு

பேரிடர் நேரத்தில் நம் மக்களிடம் இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் தங்குமிடங்களாயின. முஸ்லிம் இளைஞர்கள் பள்ளிவாசல்களோடு கோயில்களையும் சுத்தம் செய்தார்கள். கொரோனா காலத்தில் உறவினர்களே அருகில் வரப் பயந்த உடல்களை, மதம் பாராமல், அவரவர் முறைப்படி அடக்கம் செய்யவும் தகனம் செய்யவும் நம் பிள்ளைகள் முன்வந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு நடந்தபோதும் பல்வேறு அமைப்புகளின் தொண்டர்கள் ராணுவத்தோடும் தேசியப் பேரிடர் மீட்புப் படையோடும் சேர்ந்து நின்றார்கள்.

ஆனால் இவை எல்லாம் முதல் சில நாட்களின் வேலைகள். உணவுப் பொட்டலம், போர்வை, படகு, ஆம்புலன்ஸ் என்று அந்த நாட்களில் உதவிகள் குவிகின்றன. சில இடங்களில் ஒரே தெருவுக்கு மூன்று வண்டிகளில் பிரியாணி வரும், அடுத்த தெருவுக்கு ஒன்றும் வராது. பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

உண்மையான சிரமம் அந்தப் பத்தாம் நாளில்தான் தொடங்குகிறது. வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. கிணற்றில் கலந்த சாக்கடை. நனைந்து கூழாகிப்போன ரேஷன் அட்டை, பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ். எலிக்காய்ச்சல் பயம். வயலில் மணல் மேடு. கடனுக்கு வாங்கிய மாடு ஆற்றோடு போய்விட்டது, தவணை மட்டும் போகவில்லை.

ஃபெஞ்சல் சேதம் குறித்துப் பிரதமருக்கு முதலமைச்சர் எழுதிய கடிதத்தின்படி, 2 லட்சத்து 11 ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட விளைநிலம் மூழ்கியது. 9,576 கி.மீ. சாலைகளும் 417 ஏரி குளங்களும் சேதமடைந்தன. இவை ஒரு வாரத்தில் சரியாகிற கணக்கு அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் பக்கம் அடித்த தானே புயலை நினைத்துப் பாருங்கள். பண்ருட்டி வட்டாரத்தில் சாய்ந்த முந்திரிக்கும் பலாவுக்கும் மாற்றாக நட்ட கன்றுகள் காய்க்கப் பல ஆண்டுகள் ஆயின. நிவாரண அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது.

நாட்டிடம் இருக்கும் இளைஞர் படை

இந்த நீண்ட வேலைக்கு ஆள் இல்லையா? இருக்கிறார்கள். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40 ஆயிரம் மாணவர்களோடு தொடங்கப்பட்டது நாட்டு நலப்பணித் திட்டம். நம் கல்லூரிகளில் என்.எஸ்.எஸ். என்று சொன்னால்தான் தெரியும். இன்று நாடு முழுவதும் பல லட்சம் மாணவர்கள் அதில் இருக்கிறார்கள். ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். அதோடு ஒரு கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாம் உண்டு. இதைத் தவிர தேசிய மாணவர் படை, சாரணர் இயக்கம், ஊர்க்காவல் படை ஆகியவையும் இருக்கின்றன.

பேரிடருக்கென்றே தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் 'ஆப்த மித்ரா' என்ற திட்டத்தை 30 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கியது. பின்னர் அது 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி தரும் திட்டமாக விரிந்தது. 12 நாள் பயிற்சி, மீட்புக் கருவிப் பை, காப்பீடு ஆகியவை அதில் அடங்கும். அடுத்த கட்டமாக வந்திருக்கும் 'யுவ ஆப்த மித்ரா' திட்டம் என்.எஸ்.எஸ்., என்.சி.சி., நேரு யுவ கேந்திரா, சாரணர் ஆகிய அமைப்புகளின் இளைஞர்கள் சுமார் 2.37 லட்சம் பேருக்கு, 315 மாவட்டங்களில் பயிற்சி அளிக்கத் திட்டமிடுகிறது. செலவு சுமார் 470 கோடி ரூபாய்.

நோக்கம் நல்லதுதான். ஆனால் இந்தப் பயிற்சியின் கவனம் பெரும்பாலும் முதல் சில மணி நேரங்களின் மீதே இருக்கிறது. கயிறு கட்டுவது, மூழ்கியவரைத் தூக்குவது, முதலுதவி, தீயணைப்பு. உயிர் காக்கும் இந்தக் கலைகள் அவசியம் வேண்டும். இவற்றுக்கு அடுத்து வரும் ஆறு மாதங்களுக்கான பயிற்சியும் பொறுப்பும்தான் யாரிடமும் ஒப்படைக்கப்படாமல் கிடக்கின்றன.

நாட்காட்டியில் இருக்கும் வாய்ப்பு

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கல்லூரிகளில் பருவத் தேர்வுகள் நடப்பதும் நவம்பர், டிசம்பரில். அதனால் வெள்ளம் வரும்போது மாணவர்களை அழைப்பது கடினம். என்.எஸ்.எஸ். சிறப்பு முகாம்களோ பெரும்பாலும் பொங்கலுக்குப் பிறகு, ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கின்றன.

இதைக் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. உண்மையில் இது பெரிய வாய்ப்பு. எல்லோரும் திரும்பிப்போன பிறகு, ஊர் தனியாகத் தவிக்கும் மாதங்கள் அவைதான். வழக்கமான முகாமில் என்ன நடக்கிறது? பேருந்து நிறுத்தத்தைப் பெருக்குவார்கள், மரக்கன்று நடுவார்கள், விழிப்புணர்வு ஊர்வலம் போவார்கள், கடைசி நாள் விழாவில் சான்றிதழ் வாங்குவார்கள். அதே 7 நாளை, அதே 50 மாணவர்களை, இரண்டு மாதம் முன்பு மூழ்கிய ஒரு கிராமத்துக்கு அனுப்பினால் என்னென்ன செய்யலாம்?

பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் படிந்த சேற்றை அள்ளலாம். பொதுக் கிணறுகளை இறைத்து, சுகாதாரத் துறையின் மேற்பார்வையில் பிளீச்சிங் பவுடர் போடலாம். பாசன வாய்க்காலில் அடைத்திருக்கும் மண்ணை வெட்டலாம். கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு ஐ.டி.ஐ. மாணவர்கள் ஆசிரியர்களோடு வீடு வீடாகப் போய் நனைந்த மின் இணைப்புகளையும் குழாய்களையும் சரிசெய்து கொடுத்தார்கள். மின்கசிவுக்குப் பயந்து வீட்டுக்குள் போகாமல் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! படித்த படிப்பே தொண்டாக மாறியது.

பேனா பிடிக்கும் தொண்டு

மண்வெட்டியைவிடப் பேனாவுக்கு அதிக வேலை இருக்கும் இடமும் உண்டு. ஃபெஞ்சலுக்குப் பின் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் ரேஷன் அட்டை உள்ள பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய், பாசன வசதி பெற்ற பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், இறந்த பசு, எருமைக்கு 37,500 ரூபாய் என்று தனித்தனியாக நிவாரணம் இருந்தது. தொலைந்த சான்றிதழ்களுக்குச் சிறப்பு முகாம்களும் அறிவிக்கப்பட்டன.

ஆனால் அறிவிப்பு ஊருக்கு வந்தாலும், பணம் ஒவ்வொரு வாசலுக்கும் தானாக வருவதில்லை. குத்தகைக்குப் பயிரிட்டவர் பெயரில் பட்டா இருக்காது. அடங்கலில் அவர் பயிர் ஏறியிருக்காது. கணவரை இழந்து தாய் வீட்டில் இருக்கும் பெண்ணின் பெயர் பழைய அட்டையிலேயே இருக்கும். இறந்த மாட்டுக்குக் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும், அதற்குள் மாட்டைப் புதைத்திருப்பார்கள். கல்வராயன் மலையில் நிலைமை இன்னும் கடினம். பலத்த மழையில் ஓடைகள் பெருகினால் சிற்றூர்கள் துண்டிக்கப்படும். வெள்ளிமலைக்கோ கள்ளக்குறிச்சிக்கோ ஒரு மனுவுக்காக வந்துபோக மலைவாழ் மக்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

இங்கேதான் படித்த பிள்ளைகள் பத்து பேர் ஒரு வாரம் உட்கார்ந்தால் பெரிய மாற்றம் வரும். வீடு வீடாகப் போய்ச் சேதத்தைப் படமெடுத்து எழுதுவது, விடுபட்டவர் பட்டியலைத் தயாரித்து வி.ஏ.ஓ.விடமும் வட்டாட்சியரிடமும் கொடுப்பது, மனு எழுதுவது, ரசீது வாங்கி வைப்பது, ஒரு மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று கேட்பது. இதற்குப் படகும் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். பொறுமை வேண்டும்.

பிற நாடுகள் சொல்லும் பாடம்

1970 நவம்பரில் அன்றைய கிழக்கு பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு 1972-இல் வங்கதேசத்தில் செம்பிறைச் சங்கம் புயல் தயார்நிலைத் திட்டத்தைத் தொடங்கியது, அரசும் அதில் இணைந்தது. இன்று அதில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், அவர்களில் பாதிப் பேர் பெண்கள். எல்லோரும் அந்தந்தக் கிராமத்தவர்களே. கொடி ஏற்றுவது, மெகாஃபோனில் எச்சரிப்பது, தங்குமிடத்துக்கு அழைத்துப்போவது, முதலுதவி, நிவாரணம் என்று வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. 2020-இல் உம்பன் புயல் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. சாத்தனூர் எச்சரிக்கை வந்ததா வரவில்லையா என்ற நம் சண்டைக்கு இதில் பதில் இருக்கிறது. செய்தி கைபேசிக்கு வருவது மட்டும் போதாது, கதவைத் தட்டிச் சொல்ல, அந்தத் தெருவிலேயே வசிக்கும் ஒருவர் வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து கிடைப்பது வேறு பாடம். அங்கே 18 முதல் 26 வயது வரையிலான இளைஞர்கள் சுமார் பத்து மாதம் முழுநேரமாகச் சேவை செய்யும் தேசியக் குடிமைப் படை ஒன்று உண்டு. புயலில் இடிந்த வீடுகளைச் சீரமைப்பது வரை அவர்கள் வேலை செய்தார்கள். 2025 ஏப்ரலில் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி அவர்களைத் திடீரென வீட்டுக்கு அனுப்பியது அரசு. பாதி வேலையில் ஊர்கள் கைவிடப்பட்டன. மேலிருந்து தருவதை மட்டும் நம்பியிருந்தால் ஒரு கையெழுத்தில் எல்லாம் போய்விடும் என்பதற்கு இது சான்று.

அரசின் கடமையை நாம் சுமப்பதா?

இப்படி ஒரு கேள்வி எழும், அது நியாயமானதுதான். தன்னார்வலர் இருக்கிறார் என்பதற்காகத் தூய்மைப் பணியாளர் நியமனத்தை நிறுத்தக் கூடாது. ஏரிக்கரையைப் பலப்படுத்துவதும் ஆக்கிரமிப்பை அகற்றுவதும் அரசின் பொறுப்பு. மாணவரை ஆபத்தான இடத்துக்குக் காப்பீடும் கையுறையும் காலணியும் இல்லாமல் அனுப்புவது குற்றம். சேற்றில் நின்று படம் எடுத்துக்கொண்டு போவது தொண்டும் ஆகாது. தன்னார்வலரின் வேலை, அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யும்படி பார்த்துக்கொள்வதும் சேர்ந்ததுதான். விடுபட்டவர் பட்டியல் அந்த வேலையைத்தான் செய்கிறது.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கும் களமருதூர் போன்ற ஊர்களுக்கு ஒரு பலம் உண்டு. ஜமாஅத்திடம் ஏற்கெனவே குடும்பப் பதிவேடு இருக்கிறது. எந்த வீட்டில் தனியாக முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு டயாலிசிஸ் என்று நிர்வாகிகளுக்குத் தெரியும். ஒலிபெருக்கி இருக்கிறது, இடம் இருக்கிறது, இளைஞர்கள் இருக்கிறார்கள். ஊராட்சி மன்றத்தோடும் மற்றச் சமுதாயத்தாரோடும் சேர்ந்து அந்தப் பதிவேட்டை ஊர் முழுவதற்குமாக விரித்தால், பேரிடர் நேரத்தில் அதைவிடப் பயனுள்ள ஆவணம் வேறில்லை.

செய்ய வேண்டியவை நான்கு. ஒவ்வொரு தெருவுக்கும் ஆண் ஒருவர், பெண் ஒருவர் எனப் பொறுப்பாளர்களை மழைக்காலத்துக்கு முன்பே நியமிப்பது. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் என்.எஸ்.எஸ்.ஸிலும் ஆப்த மித்ரா பயிற்சியிலும் சேர்வதை உறுதிசெய்வது. அருகிலுள்ள கல்லூரிகளின் திட்ட அலுவலர்களிடம், அடுத்த சிறப்பு முகாமை வெள்ளம் பாதித்த ஊரில் நடத்தும்படி எழுத்தில் கோருவது. வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரர்கள் அனுப்பும் நிதியில் ஒரு பகுதியை முதல் வாரத்தில் செலவழிக்காமல், மூன்றாம் மாதத்துக்கென்று எடுத்துவைப்பது.

பருவமழை ஒவ்வோர் ஆண்டும் வரும். எந்த ஆற்றில், எந்த இரவில் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். தண்ணீர் வந்த இரவில் யார் கதவைத் தட்டுவது, வடிந்த பிறகு யார் மனு எழுதுவது என்பதை மட்டும் நாம் இந்தக் கோடையிலேயே முடிவு செய்துவிடலாம்.